பட்டுக் கிராமம் கண்ட மாறுதல்கள்

நெசவும் வேளாண்மையும் ஒரே கூரையின்கீழ் நடைபெறும் குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. ஆடவர் வயலுக்குச் செல்வர். பெண்டிர் இராட்டையிலோ தறியிலோ அமர்வர். நிலம் சோறு தரும். நூல் கைச்செலவுக்குக் காசு தரும். இவ்விரண்டில் ஒன்று குன்றினும் அக்குடும்பம் கடனில் வீழும். இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நிலையன்று. சீன நாட்டின் கிழக்குப் பகுதியில், ஜியாங்சு மாகாணத்தில், தைஹு என்னும் பேரேரியின் தென்கரையை ஒட்டியுள்ள காய்சியன்கோங் என்ற கிராமமும் இவ்வாறே நெல்லையும் பட்டையும் நம்பி வாழ்ந்து வந்தது.

இக்கிராமத்தின் வரலாறு கூட்டுறவாளர் யாவரும் அறியத்தக்கது. 1929-ஆம் ஆண்டிலேயே அங்குக் கூட்டுறவுப் பட்டு நூற்பாலை ஒன்று தோன்றியது. அதன்பின் அரை நூற்றாண்டுக் காலத்தில் அந்நியப் படையெடுப்பு, உள்நாட்டுப் போர், நிலப் பங்கீடு, கூட்டுப் பண்ணை, கம்யூன், கலாசாரப் புரட்சி என ஒன்றன்பின் ஒன்றாக மாறுதல்கள் வந்து சீனக் கிராமங்களை உலுக்கின. தலைநகரில் நடந்தவற்றை வரலாற்று நூல்கள் விரிவாகக் கூறும். கிராமத்தில் உலை வைத்தவரும், ஏர் பூட்டியவரும், நூல் இழைத்தவரும் அந்நாட்களை எவ்வாறு கழித்தனர் என்பதையே நாம் இங்குக் காண விழைகிறோம். கூட்டுறவு என்னும் பெயர் அங்கு எவ்வாறு முளைத்து, எவ்வாறு பொருள் மாறிற்று என்பதும் அதனூடே விளங்கும்.

ஏரிக்கரை ஊர்

இக்கிராமத்தை உலகறியச் செய்தவர் ஃபெய் சியாவ்துங் என்னும் சமூகவியல் அறிஞர். 1935-இல் அவர் தம் மனைவியுடன் குவாங்சி மலைப்பகுதியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது விபத்து நேர்ந்தது. அவர் படுகாயமுற்றார்; மனைவியார் உயிரிழந்தார். உடல் தேறிவரும் காலத்தில், 1936-ஆம் ஆண்டுக் கோடையில், பட்டுத்தொழில் சீர்திருத்தத்தில் ஈடுபட்டிருந்த தம் தமக்கையாரின் சொற்படி அவர் காய்சியன்கோங்குக்கு வந்து ஏறத்தாழ இரு மாதங்கள் தங்கினார். அங்குக் கண்டவற்றை எழுதி 1939-இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அந்நூலே அக்கிராமத்தின் அன்றாட வாழ்வை நமக்குக் காட்டுகிறது.

அப்பொழுது ஊரில் சுமார் 360 வீடுகளும் 1,458 மக்களும் இருந்தனர். ஊரெங்கும் கால்வாய்கள், தெருவினும் நீர்வழியே பெரிது. சராசரியாக ஒரு குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கருக்கும் குறைந்த நிலமே இருந்தது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நெல். வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீரைக் காலால் மிதித்து ஏற்றும் ஏற்றப் பொறிகள் இருந்தன. கணவனும் மனைவியும் அருகருகே நின்று மிதிப்பர். நிலத்துக்கு அங்கு இருவகை உரிமை வழங்கிற்று. மேல்மண் உரிமை உழுபவனுடையது. கீழ்மண் உரிமை பெரும்பாலும் பட்டணத்தில் வாழ்ந்த நிலப்பிரபுவினுடையது. உழுபவனை நிலத்தினின்றும் எளிதில் வெளியேற்ற முடியாது. ஆனால் அவன் ஆண்டுதோறும் குத்தகை செலுத்தியாக வேண்டும்.

வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்த்தனர். வேனில் தொடங்கியதும் முட்டைகள் பொரியும். நூல் போன்ற குஞ்சுப் புழுக்களுக்கு முசுக்கொட்டை இலையைப் பொடியாக நறுக்கி இடுவர். புழு நான்கு முறை உறங்கித் தோலுரித்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் கூடு கட்டும். கடைசி நாட்களில் அதற்கு அடங்காப் பசி. இரவு பகல் பாராது இலை இட வேண்டும். அந்நாட்களில் வீட்டின் பெரும்பகுதி புழுத் தட்டுகளுக்கே; மனிதர் மூலையில் ஒதுங்கிக்கொள்வர். கூட்டை வெந்நீரில் இட்டு நூல் எடுப்பது பெண்கள் பணி.

சந்தைக்குச் செல்லும் முறையும் புதுமையானது. ஊரிலிருந்து ஷென்ஸே என்னும் பட்டணத்துக்கு நாள்தோறும் முகவர் படகுகள் காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும். எண்ணெய் இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று ஒவ்வொரு வீட்டாரும் படகுக்காரரிடம் பணத்தையும் புட்டியையும் கொடுத்தனுப்புவர். அவரும் கூலி வாங்காமல் வாங்கிவந்து கொடுப்பார். பட்டணத்துக் கடைக்காரர்கள் அவருக்குச் சன்மானம் அளித்தனர். அரிசியும் பட்டும் விற்பனைக்குச் செல்வதும் அவர் கை வழியே.

பணமுடைக்கு அண்டை அயலார் கூடிச் சீட்டு நடத்தினர். எட்டுப் பேர் முதல் பதினான்கு பேர்வரை சேர்ந்து, முறைவைத்துத் தொகை எடுத்துக்கொள்வர். நம் ஊர்ச் சீட்டை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பிள்ளையின் திருமணம், பெரியவர் இழவு, கடன் அடைப்பு ஆகியவற்றுக்கே சீட்டுப் பணம் பெரிதும் உதவிற்று. பட்டு விலை வீழ்ந்த ஆண்டுகளில் சீட்டும் தளர்ந்தது. வட்டிக்காரனை நாடுவது தவிர வேறு வழியில்லாத குடும்பங்கள் பெருகின.

ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பின்மேல் ஒரு தெய்வம் குடியிருந்தது. அத்தெய்வம் வீட்டார் செய்வன யாவும் பார்த்திருந்து, ஆண்டிறுதியில் வானுலக வேந்தனிடம் சென்று தெரிவிக்கும் என்பது நம்பிக்கை. அன்று படையல் இட்டு மரியாதையுடன் வழியனுப்புவர். குடும்பம் என்பதற்கு அங்கு அடுப்பே அடையாளம். உடன்பிறந்தார் பாகம் பிரிந்தால் தனி அடுப்பு வைத்துக்கொள்வர். பின்னால் நேர்ந்தவற்றை உணர இதனை நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

கூட்டுறவு ஆலை

வீட்டில் கையால் எடுத்த பட்டு நூல் ஒரே சீராய் இராது. ஜப்பானிய ஆலை நூலோடு அது போட்டியிட இயலவில்லை. உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து விலையை வீழ்த்தியது. இந்நிலையில் சூசௌ நகருக்கு அருகிலுள்ள பெண்கள் பட்டுத்தொழிற் பள்ளியினர் 1920-களில் இவ்வூருக்கு வந்தனர். ஃபெய்யின் தமக்கையார் அவர்களுள் முக்கியமானவர். முட்டைகளை நுண்ணோக்கியில் சோதித்து நோயற்றவற்றையே கொடுப்பது, புழு அறையைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்வது, குஞ்சுப் புழுக்களைப் பொதுவிடத்தில் ஒன்றாக வளர்ப்பது ஆகிய முறைகளைப் புகுத்தினர். 1929-இல் கூட்டுறவு நூற்பாலை தொடங்கப்பெற்றது. ஊரார் பங்குகள் வாங்கினர்; கூடுகளை அளித்தனர்; மாகாண விவசாய வங்கி கடன் உதவிற்று.

முதல் ஆண்டு லாபப் பங்கு கைநிறையக் கிடைத்தது. அடுத்த ஆண்டுகளில் பட்டு விலை மேலும் இறங்கியதால் லாபம் ஒழிந்தது. பங்குத் தொகையின் பாக்கித் தவணைகளைச் செலுத்த அங்கத்தினர் தயங்கினர். ஃபெய் கூறும் குறிப்பொன்று நம்மைச் சிந்திக்க வைப்பது. சட்டப்படி ஆலை அங்கத்தினர்களுடையது, மகாசபைக்கே மேலதிகாரம். ஆயினும் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். லாபம் வந்ததா என்று கேட்பதோடு அவர்கள் நின்றனர். ஆலையை உண்மையில் நடத்தியவர்கள் பள்ளியிலிருந்து வந்த சீர்திருத்தக்காரர்களும் ஊர்ப் பெரியவர் சிலருமே. அவர்கள் நல்லெண்ணம் படைத்தவர்கள். எனினும் அங்கத்தினர் தம் வாக்குரிமையைப் பயன்படுத்தக் கற்கவில்லை.

வேறொரு இடரும் நேர்ந்தது. முன்பு நூல் எடுக்கும் பணியில் ஊரில் 350 பெண்களாவது ஈடுபட்டிருந்தனர். ஆலை வந்தபின் அதே அளவு பணியை 70 பேருக்கும் குறைந்தவர்கள் முடித்துவிட்டனர். மற்றவர்க்கு வேலை போயிற்று. ஆலையில் வேலை பெற்ற பெண்ணின் நிலையோ உயர்ந்தது. மழை நாளில் குடை கொண்டுவரத் தவறிய கணவனை மனைவி பலர் முன்னிலையில் கடிந்துகொண்டாளாம்! முன்னர் ஒருவரும் கண்டிராத செயல் என்று ஊரார் வியந்தனர்.

1937-இல் ஜப்பானியப் படை அப்பகுதியைப் பற்றியது. போரில் ஆலை அழிந்தது. கூட்டுறவாய் எழுந்த முதல் முயற்சி இவ்வாறு முடிவுற்றது.

நிலம் வந்தது, தானியம் சென்றது

1949-இல் கம்யூனிஸ்டுக் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியது. 1950-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. நிலப்பிரபுக்களின் நிலம் பறிக்கப்பட்டு உழுபவர்க்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. நாடு முழுதும் ஏறத்தாழ 30 கோடி மக்கள் இதனால் நிலம் பெற்றனர். குத்தகைச் சுமை ஒழிந்தது. காலங்காலமாகத் தாம் உழுத மண் தமதே என்ற பத்திரம் கையில் வந்தபோது ஏழை மக்கள் அடைந்த மகிழ்ச்சி மெய்யானது. அதே சமயம், ஊர்க்கூட்டங்களில் நிலப்பிரபுக்கள் என்று குறிக்கப்பட்டோர் நிறுத்தி வைத்து இழிவுபடுத்தப்பட்டதும், பல்லாயிரவர் உயிரிழந்ததும் மெய்யே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்று இடப்பட்ட வகுப்புப் பெயர் பிள்ளைகளையும் தொடர்ந்தது. நிலப்பிரபு, பணக்கார விவசாயி என்ற பெயர் பெற்ற வீட்டாருக்கு அது நெடுங்காலம் நீங்காத வடுவாயிற்று.

அடுத்து மாடும் ஏரும் பற்றாத வீட்டார் கூடி ஒருவர்க்கொருவர் உழைக்கும் பரஸ்பர உதவிக் குழுக்கள் எழுந்தன. பிறகு கூட்டுறவுப் பண்ணைகள் வந்தன. முதற்படிப் பண்ணையில் நிலத்தை ஒன்றாக்கி உழுதனர். விளைவில் உழைப்புக்கு ஒரு பங்கும், கொடுத்த நிலத்துக்கு ஒரு பங்கும் உண்டு. ஆகவே நிலம் தமதே என்ற எண்ணம் அங்கத்தினர்க்கு இருந்தது. 1955-ஆம் ஆண்டு ஜூலையில் மாவோ இவ்வியக்கம் மெல்ல நடக்கிறது என்று கடிந்துரைத்தார். அதன்பின் எல்லாம் விரைந்தன. 1956 முடிவுக்குள் நூற்றுக்கு 88 குடும்பங்கள் உயர்படிப் பண்ணைகளில் சேர்க்கப்பட்டுவிட்டன. உயர்படிப் பண்ணையில் நிலத்துக்குப் பங்கு கிடையாது. ஆறே ஆண்டுகளுக்கு முன் பெற்ற நிலம், பத்திரம் கையிலிருக்கவே, பொதுவில் கலந்துவிட்டது.

இதற்கிடையே வேறிரு கட்டுகளும் விழுந்தன. 1953-இன் இறுதியில் தானிய வாணிபம் முழுதும் அரசாங்கத்தின் கைக்குச் சென்றது. குறித்த விலைக்குக் குறித்த அளவு தானியத்தை அரசாங்கத்துக்கே கொடுக்க வேண்டும். 1954-இல் பருத்தித் துணிக்குப் பங்கீட்டுச் சீட்டு வந்தது. காசு இருந்தாலும் சீட்டின்றித் துணி வாங்க இயலாது.

சீனத்தின் இக்கூட்டுறவுகளைக் காண 1956-இல் நம் நாட்டிலிருந்து ஆர்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழு சென்றது. 1957-இல் வெளிவந்த அதன் அறிக்கையில் பெரும்பான்மையினர் கூட்டுப் பண்ணையை ஆதரித்தனர். அங்கத்தினர் இருவர் மறுப்புக் குறிப்பு எழுதினர். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை கூட்டுப் பண்ணைத் தீர்மானம் நிறைவேற்றியது. அதனைக் கடுமையாக எதிர்த்த ராஜாஜி அதே ஆண்டில் சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். பத்திரிகைகளிலும் மேடைகளிலும் வாதம் நடந்தது. கூட்டுப் பண்ணை இங்குப் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. எவர் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. மறுப்பைச் சொல்லவும் அதனை அச்சிடவும் இங்கு வழியிருந்தது. அங்கு அவ்வழி அடைபட்டது எவ்வாறு என்பதைக் காய்சியன்கோங்குக்கு மீண்டும் சென்ற ஃபெய்யின் கதையே காட்டும்.

இரண்டாம் வருகை

1957-ஆம் ஆண்டு இளவேனிலில், இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின் அவர் அக்கிராமத்துக்கு வந்தார். நெல் விளைச்சல் உயர்ந்திருந்தது. நீர்ப்பாசனம் சீர்ப்பட்டிருந்தது. இவற்றை அவர் மனமுவந்து பாராட்டினார். ஆயினும் மக்களிடம் பேசியபோது, பழைய நாட்களைக் காட்டிலும் கையில் காசு குறைவு என்று சிலர் முறையிட்டனர். விளைவு மிகுந்தும் காசு குறைந்தது ஏன்? பட்டும் பிற பக்கத் தொழில்களும் தேய்ந்துவிட்டன. தானியம் ஒன்றையே நோக்கித் திட்டமிட்ட அதிகாரிகள், வீட்டில் நடந்த தொழிலைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. குறுகிய நிலத்தில் பெருங்கூட்டம் வாழும் ஊரில் வயல் மட்டும் குடும்பத்தைக் காப்பாற்றாது; தொழிலைக் கிராமத்துக்கு மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று அவர் எழுதினார்.

அக்கட்டுரையின் முதற்பகுதிகள் வெளிவந்த சிலநாட்களில் வலதுசாரி ஒழிப்பு இயக்கம் தொடங்கியது. அவரை வலதுசாரி என்று முத்திரையிட்டனர். தொடர் நின்றது. கணக்கில் விடுபட்ட ஒரு வரியைச் சுட்டிக்காட்டியதே அவர் செய்த குற்றம். ஆராய்ச்சிப் பணியினின்றும் அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் விலக்கி வைக்கப்பட்டார். கலாசாரப் புரட்சியின்போது கழிப்பறை துப்புரவு செய்யும் பணியும் அவருக்கு இடப்பட்டது.

பொது அடுப்பு

அதன்பின் சீனக் கிராமங்கள் அனைத்தும் கண்டது 1958. அவ்வாண்டு ஜனவரியில் குடும்பப் பதிவுச் சட்டம் வந்தது; அனுமதியின்றிக் கிராமத்தை விட்டு நகரில் குடியேற முடியாது. ஆகஸ்டில் மக்கள் கம்யூன்கள் அமைக்கத் தீர்மானமாயிற்று. சில மாதங்களில் 7 லட்சத்து 40 ஆயிரம் கூட்டுறவுப் பண்ணைகள் சுமார் 26 ஆயிரம் கம்யூன்களாக இணைக்கப்பட்டன. எந்த அங்கத்தினரும் விலக முடியாத, எந்த மகாசபையும் மறுக்க முடியாத சங்கமாக அது அமைந்தது.

வீட்டு அடுப்புகள் அணைந்தன. பொதுச் சமையற்கூடத்தில் அனைவரும் உண்ண வேண்டும் என்றனர். உருக்கு உற்பத்தியை ஓராண்டில் இரட்டித்து 1 கோடியே 7 லட்சம் டன் ஆக்கும் திட்டத்துக்காக ஊர்தோறும் மண் உலைகள் கட்டினர். வீட்டு வாணலி, பானை, பூட்டு, கொக்கி எல்லாம் அவ்வுலைகளில் உருகின, மரங்கள் விறகாயின. உருகி வந்ததில் பெரும்பகுதி எதற்கும் பயன்படாத கசடு. அறுவடைக்கு வேண்டிய கைகள் உலையடியில் நின்றதால், நன்கு விளைந்த பயிரும் பல இடங்களில் வயலில் வீணாயிற்று.

முதற் சில வாரங்கள் பொதுக் கூடத்தில் வயிறார உண்டனர். அடுத்த அறுவடைவரை தானியம் எத்தனை நாளுக்கு வரும் என்று வீட்டுத் தலைவி பானையைத் தட்டிப் பார்த்துச் செலவிடுவாள். பொதுக் கூடத்தில் அவ்வாறு பார்ப்பவர் ஒருவரும் இல்லை.

இதனினும் கொடியது பொய்க் கணக்கு. ஒரு கம்யூன் மிகை விளைவு அறிவித்தால் அடுத்த கம்யூன் அதனினும் மிகை அறிவித்தாக வேண்டும். குறைத்துச் சொன்னவர் தூற்றப்பட்டார். 1958-இல் நாட்டின் தானிய விளைவு 37 கோடியே 50 லட்சம் டன் என்று முதலில் அறிவித்தனர். அடுத்த ஆண்டு 25 கோடி என்று திருத்தினர். உண்மையில் விளைந்தது சுமார் 20 கோடி. ஆனால் அரசாங்கக் கொள்முதலோ எழுதிய கணக்கின்படி நடந்தது. விளையாத நெல்லுக்கும் பங்கு கேட்டால் உண்ணும் நெல்லையும் விதை நெல்லையுமே கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாதவரைப் பதுக்கியவர் என்று அடித்தனர். 1959-இல் மட்டும் 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று.

1959 முதல் 1961 வரை நீடித்த பஞ்சத்தில் அன்ஹுயி, ஹெனான், சிச்சுவான், கான்சு மாகாணங்கள் பெரிதும் அழிந்தன. மக்கள் மரப்பட்டையையும் காட்டுக் கிழங்கையும் உண்டனர். உடல் வீங்கி மாண்டனர். வீட்டில் ஒருபிடி அரிசி எஞ்சியிருந்தாலும் வேகவைக்கப் பானையில்லை. புகை எழுந்தால் விசாரணை வரும். ஊரை விட்டு ஓடியவரை வழியில் மறித்துத் திருப்பினர். மாண்டோர் தொகையை அறிஞர்கள் ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடிவரை பலவாறு கணக்கிடுகின்றனர். ஏறத்தாழ மூன்று கோடி என்பது பலரும் குறிக்கும் தொகை. படைத்தலைவராயிருந்த பெங் தெஹுவாய் 1959 ஜூலையில் நிலைமையை எடுத்துக்காட்டி மாவோவுக்குக் கடிதம் எழுதினார். அவர் பதவி இழந்தார். அதன்பின் உண்மை சொல்ல எவரும் துணியவில்லை.

1961-இல் பொதுச் சமையற்கூடங்கள் கலைக்கப்பட்டன. மக்கள் மீண்டும் தத்தம் வீட்டில் அடுப்பு மூட்டினர். காய்கறி பயிரிடச் சிறு துண்டு நிலமும் திரும்பக் கிடைத்தது.

இரவில் சுழன்ற இராட்டை

நெசவாளராகிய நம் அங்கத்தினர்க்குத் தனித்துச் சொல்ல வேண்டிய செய்தியும் உண்டு. சீனத்தின் வடமேற்கில் ஷான்சி மாகாணத்து வெய் ஆற்றுச் சமவெளி பருத்தி விளையும் பூமி. அங்குள்ள கிராமங்களில் 72 மூதாட்டியரின் நினைவுகளைச் சேகரித்து, கெய்ல் ஹெர்ஷாட்டர் என்ற அமெரிக்க வரலாற்றறிஞர் 2011-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1950-களில் ஆடவர் பலர் அணைக்கட்டுக்கும் உலைக்கும் சென்றமையால் பருத்தி வயல் பெண்களின் பொறுப்பாயிற்று. பகல் முழுதும் அவர்கள் களை எடுத்தனர், பருத்தி பறித்தனர். அப்பருத்தி அரசாங்கக் கொள்முதலுக்குச் சென்றது.

துணிச் சீட்டுக்குக் கிடைத்த ஆலைத் துணி குடும்பத்துக்குப் போதவில்லை. அதை வாங்கப் போதிய காசும் இல்லை. ஆகவே கிடைத்த சிறு பருத்தியைக் கொண்டு பெண்கள் இரவில் விளக்கொளியில் நூற்றனர், கைத்தறியில் நெய்தனர், தைத்தனர். காலணியும் வீட்டில் செய்ததே. கந்தல் துணியை அடுக்கடுக்காக ஒட்டிச் சணல் நூலால் நெருங்கத் தைத்து அடிப்பாகம் ஆக்குவர். வளரும் பிள்ளைகள் நால்வர் இருந்தால் அவ்வேலைக்கு முடிவேது? மகள் திருமணத்துக்குத் துணி சேர்ப்பதும் அத்தறியினின்றே. வயலில் செய்த வேலைக்குப் புள்ளி எழுதினர். நள்ளிரவுவரை நூற்றதற்கு ஒரு புள்ளியும் எழுதவில்லை. அரசாங்க ஏட்டில் அது வேலையே அன்று. ஆனால் அவ்வூர்ப் பிள்ளைகளின் மானத்தைக் காத்தது அந்நூலே.

புள்ளிக் கணக்கு

1962-க்குப் பின் இருபது முப்பது குடும்பங்கள் கொண்ட உற்பத்திக் குழுவே பெரும்பாலும் கணக்கு வைக்கும் அலகாயிற்று. மணியோசை கேட்டு வேலைக்குச் செல்வர். ஆடவனின் முழுநாள் உழைப்புக்குப் பெரும்பாலும் 10 புள்ளி. பெண்ணுக்கு ஆறு முதல் எட்டு. ஒரு புள்ளியின் மதிப்பு என்ன என்பது ஆண்டிறுதியில், அரசாங்கப் பங்கு போனபின், தெரியவரும். எவ்வளவு உழைத்தாலும் புள்ளி ஒன்றே என்ற நிலையில் ஊக்கம் குன்றியது.

1966-இல் கலாசாரப் புரட்சி மூண்டது. ஒலிபெருக்கி விடியற்காலையில் ஊரை எழுப்பியது. பகல் வேலைக்குப் பின் இரவில் கூட்டம். பழைமையை ஒழிப்போம் என்று முன்னோர் பலகைகளையும் கோயிற் படிமங்களையும் உடைத்தனர். அடுப்புத் தெய்வத்தின் படம் இருந்த சுவரில் மாவோவின் படம் ஏறியது. வகுப்புப் பெயர் கெட்ட குடும்பத்தார் மீண்டும் கூட்டத்தின் நடுவே நிறுத்தப்பட்டனர். ஹுனான், குவாங்சி முதலிய பகுதிகளில் கொலைகளும் நிகழ்ந்தன. கூடுதலாகக் கோழி வளர்ப்பதும் கூடை முடைந்து விற்பதும் முதலாளித்துவ வால் என்று வெட்டப்பட்டன. நகரத்து இளைஞர் ஒரு கோடியே 70 லட்சம் பேர் இக்காலத்தையொட்டிக் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கும் சோறிடும் பொறுப்பு கிராமத்துக்கு வந்தது.

நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. வெறுங்கால் வைத்தியர் எனப்பட்ட கிராம மருத்துவ உதவியாளர்கள் தடுப்பூசியையும் எளிய மருந்தையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தனர். பள்ளிகள் பெருகின, எழுத்தறிந்த பெண்கள் மிகுந்தனர். வாய்க்கால்களும் அணைகளும் பல எழுந்தன. இவையும் அம்மக்களின் கை உழைப்பே.

மீட்சி

1976-இல் மாவோ மறைந்தார். 1978 இறுதியில் அன்ஹுயி மாகாணத்து ஃபெங்யாங் பகுதியில், பஞ்சத்தில் பெரிதும் அழிந்த சியாவ்காங் என்னும் சிற்றூரில், 18 குடும்பத்தார் இரவில் இரகசியமாகக் கூடினர். நிலத்தை வீட்டுவாரியாகப் பிரித்துக்கொள்வோம். அரசாங்கப் பங்கைத் தவறாது செலுத்துவோம். இதனால் எவரேனும் சிறை சென்றால் அவர் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர் வளர்ப்போம் என்று எழுதிக் கைநாட்டு வைத்தனர். உயிரைப் பணயம் வைத்துச் செய்த அவ்வொப்பந்தமே அவர்கள் தாமாக விரும்பிச் செய்த முதற் கூட்டு எனலாம். அடுத்த ஆண்டு விளைவு பெருகியது. வேறு பல இடங்களிலும் இம்முறை பரவியது, அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. 1983-இல் துணிச் சீட்டு ஒழிந்தது. 1984-க்குள் கம்யூன்கள் பெரும்பாலும் கலைந்தன.

காய்சியன்கோங்குக்கு ஃபெய் 1981-இல் மூன்றாம் முறை சென்றார். பட்டுப்புழு வளர்ப்பு மீண்டிருந்தது; சிறு ஆலைகள் தோன்றியிருந்தன; வீடுகளில் ரோமத்துக்காக முயல் வளர்த்தனர். பக்கத் தொழிலால் வருவாய் உயர்ந்ததைக் கண்டு அவர் மகிழ்ந்தார். 1957-இல் அவர் எழுதிய கருத்தே பின்னர்க் கிராமத் தொழில் கொள்கையாக மதிக்கப்பட்டது. 2005-இல் மறையும்வரை அவ்வூருக்கு இருபது முறைக்கு மேல் சென்றுவந்தார்.

நாம் எண்ண வேண்டுவன

இவ்வரலாற்றைப் படித்துக் கூட்டுறவே தவறு என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. காய்சியன்கோங் மக்கள் சீட்டில் கூடியதும், பரஸ்பரம் ஏர் கொடுத்ததும், 1929-இல் ஆலைக்குக் கூடு அளித்ததும் கூட்டுறவே. சேர்வதும் விலகுவதும் அங்கத்தினர் விருப்பமாயிருந்தவரை அதில் குறை இருந்தது, கொடுமை இல்லை. விலகும் வழி அடைபட்ட நாளில், பெயர் மட்டும் எஞ்சிப் பொருள் அழிந்தது.

அதற்கு முன்பே விதை ஊன்றப்பட்டது என்பதையும் நாம் மறக்கலாகாது. லாபம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு, கணக்கைக் கேளாத அங்கத்தினரை 1936-இலேயே கண்டோம். நம் சங்கங்களிலும் மகாசபைக்கு வாராமல், தீர்மானப் புத்தகத்தில் கையொப்பம் மட்டும் இடுவோர் உளர். நிர்வாகிகள் நல்லவர் என்று நம்பியிருப்பதால் கேள்வி கேட்கும் பழக்கம் வளராது. நல்லவரல்லாதார் வரும்போது கேட்கத் தெரியாது. நூல் இருப்பு எவ்வளவு, தேங்கிய சரக்கு எவ்வளவு, வசூலாகாத கடன் எவ்வளவு என்பதை ஆண்டறிக்கையில் உள்ளபடி எழுதுவதும், எழுதியதைப் படித்துப் பார்ப்பதும் சங்கத்தின் உயிர்நாடி. குறையைக் கூறும் அங்கத்தினரைச் சங்க விரோதி என்று ஒதுக்குவதைக் காட்டிலும் பெரிய தீங்கு வேறில்லை.

வீட்டில் நடக்கும் உழைப்பைக் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பதும் இதனால் பெறப்படும். பாவு ஓட்டுவதிலும், தார் சுற்றுவதிலும், புழுவுக்கு இலை இடுவதிலும் நம் பெண்டிர் செலவிடும் நேரம் எந்த ஏட்டில் ஏறியிருக்கிறது? கூலி நிர்ணயிக்கும்போது அதனை எண்ணிப் பார்ப்பது நம் கடமை. வரும் பொதுக்குழுவில் இவ்விஷயத்தை அங்கத்தினர்கள் எழுப்புவார்களாயின், அச்சீனக் கிராமத்து மக்கள் பட்ட துன்பத்தினின்றும் நாம் ஓரளவேனும் பயன் பெற்றவர்களாவோம்.